காற்று நமது, திறப்பு யாரிடம்?

‘எங்கோ நடக்கும் போர் நமக்கென்ன செய்யும்?’ என்று கேட்பார் எவ்வூரிலும் உளர். வலையும் வள்ளமுமே வாழ்வென்றிருக்கும் எங்கள் பேசாலையிலும் அக்கேள்வி எழுவதுண்டு. அதற்குரிய விடை எங்கள் தீவின் தென்கரையிலேயே நிரை நிரையாய் நிற்கின்றது.

2020 டிசம்பரில் திறக்கப்பட்ட ‘தம்பபவனி’ காற்றாலைகளையே கூறுகின்றேன். முப்பது ஆலைகள், 103.5 மெகாவாற்று ஆற்றல். கடன் ஆசிய அபிவிருத்தி வங்கியுடையது; பொறிகள் டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனத்தவை; காற்று மட்டுமே மன்னாருடையது. இக்காலக் காற்றாலை தனித்து நிற்பதன்று. வீசிய காற்றின் வேகம், விளைந்த மின்சாரம், நேர்ந்த பழுது ஆகியவற்றைத் தொலைவிலிருந்தே அறியலாம். அங்கிருந்தே ஆணையும் இடலாம்.

2022 பெப்ரவரி 24 அன்று ருஷ்யப் படை உக்ரெயினுள் புகுவதற்குச் சற்று முன்னர், வயாசாற் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் செய்மதி இணைய வலையமைப்பு கணினி வழியே தாக்கப்பட்டது. குறி உக்ரெயின், ஆயினும் போரில் இறங்காத ஜெர்மனியின் எனர்கொன் நிறுவனம் ஏறத்தாழ 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் வழியை இழந்தது. ஆலைகள் சுழன்றன, ஆள்வோர் கண்தான் மறைந்தது.

நம் வடகடலிலும் வல்லரசுகளின் ஐயம் புகுந்ததுண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றின் மின்திட்டம் 2021இல் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது, இந்தியா மறுப்புத் தெரிவித்தது, திட்டம் நின்றது. 2022 மார்ச்சில் அதே தீவுகளுக்கு இந்திய நன்கொடை உடன்பாடு கைச்சாத்தாயிற்று. இலங்கையரின் டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கான இந்திய நன்கொடை உடன்பாடும் அம்மாதத்ததே. முன்னையது விளக்கேற்றுவது, பின்னையதோ நம் முகத்தையும் கைரேகையையும் பதிவு செய்வது.

உதவியை மறுத்தல் வேண்டுமென்பது என் கருத்தன்று. சிறுநாடு அனைத்தையும் தானே ஆக்கவியலாது. ஆனால், வீடு கட்டிய மேசன் எத்துணை நல்லவராயினும், வேலை முடிந்ததும் திறப்பைக் கேட்டு வாங்காத இல்லத்தரசி உண்டோ? நம் தரவு எங்கே வைக்கப்படுகின்றது? எந்நாட்டுச் சட்டம் அதனை ஆளும்? நாடுகள் பகைத்துக்கொண்டால் நாமே அதனைப் பூட்டவியலுமா? உடன்பாட்டில் ஒப்பமிடுமுன் கேட்கவேண்டியவை இவையே. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022இல் நாம் சட்டம் இயற்றிக்கொண்டோம். சட்டம் பூட்டுப் போன்றது. திறப்பு நம் மடியிலிருந்தாலன்றோ பூட்டினாற் பயன்!