பொன்முதுகும் செம்முதுகும்

பெயரிலேயே வேம்பைத் தாங்கி நிற்கும் ஊர் வேப்பூர். விருத்தாசலத்திற்கு மேற்கே, சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்த அவ்வூரைச் சுற்றியுள்ள சமவெளியில் வேம்பும் பனையும் புளியும் நிற்கும் இடமெங்கும் வாழ்வதற்கு ஏற்ற பறவை பொன்முதுகு மரங்கொத்தி. குதிரை கனைப்பதை விரைவுபடுத்தியது போன்ற குரல். அலைபோல் எழுந்து தாழும் பறத்தல். அடிமரத்தைச் செங்குத்தாகப் பற்றிக்கொண்டு, வாலை ஊன்றி ஏறும் நடை. கொண்டை சிவப்பு, முதுகோ உருக்கி ஊற்றிய பொன். நாட்டுப்புறத்தில் இதனை அறியாதார் அரியர்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலகங்களில் ஒரே அச்சில் வார்க்கப்படும் பொம்மைகள் ஒன்றுபோல் இருக்கும். இயற்கையிடம் அத்தகைய அச்சு இல்லை. லின்னேயஸ் 1758இல் இப்பறவைக்கு வங்கத்தின் பெயரைச் சூட்டினார். வடக்கே காணப்படும் பறவைக்கும் தென்னாட்டுப் பறவைக்கும் சிறு வேறுபாடுகள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில் முதுகின் பொன்னில் சற்றே பசுமை கலந்திருக்கும். 1934இல் விஸ்லரும் கின்னியரும் அம்மலைப் பறவையைத் தனித் துணைச் சிற்றினமாகப் பிரித்து, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் துணைவியார் தெஹ்மினாவின் பெயரை அதற்கு இட்டனர். கணவரின் களப்பணிகளில் உடன்நின்ற ஒருவரின் பெயர் ஒரு மரங்கொத்தியின் முதுகில் எழுதப்பட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் இவ்வேறுபாடுகளை வைத்து எவரும் வழக்காடுவதில்லை. யாவும் ஒரே சிற்றினம் என்பதில் ஐயமும் எழவில்லை.

ஐயம் எழுவது கடலுக்கு அப்பால்.

யாழ்ப்பாணத்து மரங்கொத்தியும் பொன்முதுகு உடையதே. அலகு மட்டும் சற்றுக் குறுகியது. அதற்கு 1944இல் விஸ்லர் யாழ்ப்பாணத்தின் பெயரையே துணைச் சிற்றினப் பெயராக அளித்தார். அங்கிருந்து தெற்கு நோக்கிச் செல்லச் செல்லப் பொன் மங்கிச் செம்மை ஏறுகிறது. புத்தளம், கெக்கிராவை, திருகோணமலைப் பகுதிகளில் இரண்டு நிறங்களுக்கும் இடைப்பட்ட பறவைகள் உள்ளன. ஒன்றின் முதுகு மஞ்சள் கலந்த செம்மை. மற்றொன்றுக்குச் செம்மையில் பொன் தீற்றல். அதற்கும் தெற்கே சென்றால் முதுகு முழுவதும் குருதிச் சிவப்பு. உடலின் கருங்கோடுகளும் அங்கே அழுத்தமாகி விரிகின்றன. இச்செம்முதுகுப் பறவைக்கு லிச்டென்ஸ்டைன் 1793இலேயே தனிப்பெயர் சூட்டியிருந்தார். ஆயினும் பிற்காலப் பட்டியல்கள் பல அதனைப் பொன்முதுகு மரங்கொத்தியின் துணைச் சிற்றினமாகவே அடக்கின. இடையிலுள்ள கலப்புப் பறவைகள் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன.

அக்காரணம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தமக்குள் இனப்பெருக்கம் செய்துகொண்டு, பிற கூட்டங்களோடு கலவாதிருக்கும் கூட்டமே சிற்றினம் என்று எர்ன்ஸ்ட் மேயர் 1942இல் வரையறை தந்தார். பள்ளி நூல்கள் இன்றும் அதனையே முதலில் சொல்கின்றன. குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதை பெரும்பாலும் மலடு. ஆகவே குதிரை வேறு, கழுதை வேறு என்பது தெளிவு. மரங்கொத்திகளின் நிலை அவ்வாறன்று. இரண்டும் கூடுகின்றன, குஞ்சு பொரிக்கின்றன, நிறத்தின் படிகளைப் பார்த்தால் அக்குஞ்சுகளும் வளர்ந்து மீண்டும் இணைவதாகவே தோன்றுகிறது. அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே?

இவ்வினாவைச் சமிந்த பெர்னாண்டோ, டேரன் இர்வின், சம்பத் செனவிரத்ன ஆகிய மூவரும் களத்திற்கு எடுத்துச் சென்றனர். தீவின் பல பகுதிகளிலுள்ள பறவைகளின் இறகு நிறம், உடலளவு, மரபணு ஆகியவற்றை ஒப்பிட்டு, 2016இல் தம் ஆய்வை வெளியிட்டனர். கலப்பு உண்டா என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. கலப்பு எவ்வளவு தொலைவு பரவியிருக்கிறது என்று கேட்டனர். அறிவியலில் விடையைவிடக் கேள்வியைத் திருத்துவதே பலநேரங்களில் அரிய செயல். தடையின்றிக் கலந்திருந்தால் செம்மையும் பொன்னும் தீவெங்கும் விரவி, எல்லையே அழிந்திருக்க வேண்டும். அவர்கள் கண்டதோ நடுவே குறுகிய ஒரு கலப்பு மண்டலம். அதன் வடபுறம் பொன், தென்புறம் செம்மை. இரண்டும் தத்தம் தன்மை குன்றாமல் நிற்கின்றன. ஆகவே செம்முதுகு மரங்கொத்தி தனிச் சிற்றினமே என்று அவர்கள் முடிவு செய்தனர். இன்று உலகப் பறவைப் பட்டியல்களும் அவ்வாறே கொள்கின்றன.

இந்த எல்லை எவ்வாறு தோன்றியது என்பதை ஊகிக்கப் பாக் நீரிணை இடம் தருகிறது. அது ஆழமற்ற கடல். கடைசிப் பனியூழியில் உலகின் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது தமிழகமும் இலங்கையும் ஒரே நிலம். முன்பே தீவில் தனித்து வாழ்ந்து செம்மை பெற்ற கூட்டத்தை, நிலவழியே பின்னர் வந்த பொன்முதுகுக் கூட்டம் எதிர்கொண்டிருக்கலாம். இறகின் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் கரோட்டினாய்டு நிறமிகளே பொதுவாகக் காரணம். அவற்றைப் பறவைகள் உணவிலிருந்தே பெறுகின்றன. சில பறவைகள் மஞ்சள் நிறமியை உடலுக்குள் சிவப்பாக மாற்றிக்கொள்ளும் ஆற்றல் உடையவை.

கலப்பு இருந்தும் இரண்டு என்று தீர்ந்த வழக்கு இது. இதற்கு நேர்மாறான வழக்கொன்று அமெரிக்கக் கண்டத்தின் ஓசனிச்சிட்டுகளிடையே நிகழ்ந்தது. நம் தேன்சிட்டைப் போலவே அவையும் தேனுண்பவை. ஆனால் உறவால் மிகத் தொலைவானவை. 360 சிற்றினங்கள் அளவில் பெருகியுள்ள இக்குடும்பத்தில் வெவ்வேறு பேரினங்களுக்கிடையிலும் கலப்பு நேர்வதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொப்பி அலங்காரத்திற்காக இவற்றின் பதப்படுத்திய தோல்கள் ஐரோப்பாவில் வந்து குவிந்தன. அவற்றுள் கிடைத்த புதுமையான ஒற்றைத் தோலுக்குப் புதுப்பெயர் சூட்டுவதும், பின்னர் அது கலப்பு என அறிந்து பெயரை நீக்குவதும் வழக்கமாயின. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1909இல் விலைக்கு வாங்கப்பட்ட ஒரு நீலத் தோலை, ஓசனிச்சிட்டுக் கலப்புகளை ஆராய்வதில் தேர்ந்தவரான கேரி கிரேவ்ஸ் 1993இல் தனிச் சிற்றினமாக அறிவித்தார். அது அழிந்துபோன உலகொன்றின் எச்சம் என்றே கருதப்பட்டது. பின்னர் நிகழ்ந்த மரபணு ஆய்வும் அதை ஆதரித்தது. ஆனால் 2018இல் வெளிவந்த ஆய்வு, அதனை ஒத்த உருவமுடைய உயிருள்ள பறவை ஒன்றை ஆராய்ந்து, அது கலப்பு என்றும் பழைய தோலும் அவ்வாறே இருக்கக்கூடும் என்றும் காட்டியது. ஒருபோதும் வாழ்ந்திராத ஓரினத்தின் அழிவுக்காக மனிதர் வருந்தியிருக்கலாம் என எண்ணும்போது நகைப்பும் வருகிறது, இரக்கமும் வருகிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்போருக்கு நீலகிரி விடை சொல்லும். சோலைக்காடுகளின் நிழலில் தரையோடு ஒட்டித் திரியும் நீலநிறச் சிறுபறவை ஒன்று நெடுங்காலம் நீலகிரிக்கும் பழனிமலைக்கும் பொதுவான ஒரே சிற்றினமாக எண்ணப்பட்டது. பாலக்காட்டுக் கணவாய் இரு கூட்டங்களையும் பிரித்து வைத்திருப்பதை மரபணு ஆய்வுகள் மெய்ப்பித்தன. 2017இல் அவற்றுக்கு ‘சோலிகோலா’ என்னும் புதிய பேரினப் பெயரும், சோலைக்கிளி என்று பொருள்படும் பொதுப்பெயரும் கிடைத்தன. இங்குக் கிளி என்பது மலையாள வழக்கிற்போலப் பறவையையே குறிக்கும். ஒன்றாக எண்ணியபோது, நீலகிரியில் குறைந்தாலும் பழனியில் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள முடிந்தது. இரண்டாக எண்ணியபின் அந்த ஆறுதலுக்கு இடமில்லை. நீலகிரிச் சோலைக்கிளி இன்று அழியும் நிலையிலுள்ள பறவையாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. செம்முதுகு மரங்கொத்தியும் அவ்வாறே, தனிச் சிற்றினம் என்றானவுடன், இலங்கையையன்றி உலகில் வேறெங்கும் இல்லாத பறவையாயிற்று.

எஞ்சியிருப்பவை புத்தளத்திற்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட செம்மஞ்சள் பறவைகள். அவற்றை ஓரினத்தின் பட்டியலில் வைத்தால் மற்றதன் இறகு மறுக்கிறது. அவை பழுதான பறவைகளும் அல்ல. மற்ற மரங்கொத்திகளைப் போலவே மரத்தைத் துளைத்துக் கூடமைக்கின்றன. எறும்பும் வண்டின் புழுவும் தேடி உண்கின்றன. அவற்றுக்கெனத் தனிப்பெயர் எதுவும் சூட்டப்படவில்லை. களக்குறிப்பு எழுதுவோர் இரண்டு சிற்றினங்களின் பெயர்களையும் எழுதி, நடுவே ஒரு பெருக்கல் குறியை இடுகின்றனர்.