கதவில்லாத ஜீப்

2024 ஆம் ஆண்டு கோடைகாலத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வசிக்கும் என் தங்கையின் மகனுடைய வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை அவன் தனது ஜீப் ரேங்ளர் வண்டியின் நான்கு கதவுகளையும் கழற்றிக்கொண்டிருந்தான். கீல்களின் ஆணிகளைத் திருகி எடுத்து, மின்கம்பி இணைப்புகளை விடுவித்து, ஒவ்வொரு கதவாகத் தூக்கிச் சுவரோடு சாத்தி வைத்தான். 101 ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியாக சாந்தா பார்பரா கடற்கரைக்கு எங்களை அழைத்துச் செல்வது அவனது திட்டம். ஒன்பது வயதான அவனது மகள் பின்னாசனத்தில் ஏற்கனவே ஏறி அமர்ந்துவிட்டாள்.

"கதவில்லாமல் பெருந்தெருவில் ஓட்டினால் பொலிஸார் பிடிக்கமாட்டார்களா?" என்று கேட்டேன்.

"இஞ்சை அது சட்டப்படி பிழையில்லை மாமா. கண்ணாடி இருந்தால் போதும்" என்றான்.

பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவனுக்கு எதையும் உறுதிப்படுத்தாமல் ஏற்கும் பழக்கம் இல்லை. கணினியைத் திறந்து தேடினேன். அவன் கூறியது சரிதான்.

ஜீப் பிறந்தபோதே அதற்குக் கதவு இருக்கவில்லை. 1941 இல் அமெரிக்க இராணுவத்துக்காகத் தயாரிக்கப்பட்ட வில்லிஸ் ஜீப்பில், சிப்பாய்கள் விரைவாக ஏறி இறங்குவதற்காகப் பக்கங்கள் திறந்தே விடப்பட்டிருந்தன. அதன் வழிவந்த ரேங்ளரின் கதவுகள் கழற்றிப் பூட்டக்கூடியவையாகவே வடிவமைக்கப்பட்டுள்ளன. வாகனக் கதவுகளின் பூட்டு, கீல் ஆகியவற்றின் உறுதியை வரையறுக்கும் அமெரிக்க மத்திய அரசின் 206 ஆம் இலக்கத் தரவிதி, கதவின்றி ஓடுவதற்கென உருவாக்கப்பட்ட வண்டிகளின் இத்தகைய கதவுகளுக்கு விலக்களித்திருக்கிறது.

கண்ணாடி விடயத்தில் மட்டும் சட்டம் விட்டுக்கொடுக்கவில்லை. ரேங்ளரின் பக்கக் கண்ணாடிகள் கதவிலேயே பொருத்தப்பட்டிருப்பதால், கதவு போனால் கண்ணாடியும் போய்விடும். கலிபோர்னியாவில் பதிவாகும் காருக்குக் குறைந்தது இரண்டு கண்ணாடிகள் வேண்டும். அவற்றுள் ஒன்று இடப்பக்கத்தில், அதாவது அந்நாட்டில் சாரதியின் பக்கத்தில் இருக்கவேண்டும். மருமகன் முன்கண்ணாடியின் கீலில் தனியாக இரண்டு பக்கக் கண்ணாடிகளைப் பூட்டியிருந்தான். ஆசனப்பட்டி அணிவது அந்த மாநிலத்தில் 1986 முதல் கட்டாயம். அதிலும் அவன் குறைவைக்கவில்லை.

ஆனால் அவ்வண்டியின் கையேட்டையும் புரட்டிப் பார்த்தேன். கதவுகளைக் கழற்றிய நிலையில் பொதுவீதிகளில் ஓட்டவேண்டாம், கதவு தரும் பாதுகாப்பை இழப்பீர்கள், இந்த வசதி கரடுமுரடான நிலத்தில் ஓட்டுவதற்கு மட்டுமே என்று தயாரித்தவர்களே எச்சரித்திருக்கிறார்கள். சட்டம் அனுமதிப்பதைத் தயாரித்தவர் வேண்டாம் என்கிறார்.

அதைக் காட்டியபோது மருமகன் சிரித்தான். "யாழ்ப்பாணத்தில் நீங்கள் ஏறித் திரியிற ஆட்டோவுக்குக் கதவு இருக்கோ மாமா?"

நல்ல கேள்வி. ஆனால் 2011 இல் திறக்கப்பட்ட எமது தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் முச்சக்கரவண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஊர் ஒழுங்கையில் ஓடும் வேகம் வேறு, 101 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் மணிக்கு 65 மைல் என்பது வேறு. இதைச் சொல்லியும் அவன் முகத்தில் மாற்றமில்லை. அப்போதுதான், நாற்பத்தாறு ஆண்டுகளாக எவருக்கும் சொல்லாத ஒன்றை அவனுக்குச் சொன்னேன்.

1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது செய்தி சேகரிக்கச் சென்றவர்களில் நானும் ஒருவன். மரங்கள் வீழ்ந்து வீதிகள் அடைபட்டிருந்தன. வாடகைக்குக் கிடைத்தது கதவில்லாத ஒரு பழைய வில்லிஸ் ஜீப். நான் சாரதிக்கும் புகைப்படக்காரருக்கும் நடுவில் நெருக்கி அமர்ந்திருந்தேன். புகைப்படக்காரர் கமராப் பையை மடியில் அணைத்தபடி வெளிப்பக்கம் இருந்தார். பற்றிக்கொள்ள அவருக்கு ஒரு கைதான் மீதமிருந்தது. ஆசனப்பட்டி என்பதை நாங்கள் அப்போது கேள்விப்பட்டதுகூட இல்லை. படச்சுருளை அன்றிரவே பொலன்னறுவைக்குக் கொண்டுசேர்த்துக் கொழும்புக்கு அனுப்பவேண்டும் என்ற அவசரத்தில் சாரதியை விரட்டிக்கொண்டே வந்தவன் நான். வீதியில் கிடந்த கிளையொன்றைத் தவிர்க்க அவர் வண்டியை வெட்டித் திருப்பினார். திரும்பிப் பார்த்தபோது என் பக்கத்து ஆசனம் வெறுமையாக இருந்தது.

அவர் உயிர் பிழைத்தார். ஆனால் வலது தோள் நொறுங்கிப்போனது. அந்தக் கையால் அவர் மீண்டும் கமராவைத் தூக்கவில்லை. படங்கள் முதற்பக்கத்தில் வெளிவந்தன. கூடவே என் பெயரில் செய்தியும் வந்தது. அவர் விழுந்ததைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. விரட்டியவன் நான் என்பதை அவர் ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மருமகன் சற்று நேரம் பேசாமல் நின்றான். பின்னர் சுவரோரம் சென்று முதற் கதவைத் தூக்கினான். மகள் முகத்தைச் சுருக்கி, "அப்பா, காற்று வராதே!" என்றாள். "பெரிய ரோட்டில் கண்ணாடியை இறக்கிவிடுகிறேன். கடற்கரையில் மண் பாதை வந்ததும் கழற்றுவோம்" என்று சமாதானம் சொன்னான்.

சட்டத்தின்மீது எனக்குக் குறையில்லை. பின்னால் வருபவரைச் சாரதி காணவேண்டும் என்று அது கேட்கிறது. அது பிறருக்கான பாதுகாப்பு. பக்கத்தில் இருப்பவர் விழாமல் இருக்கவேண்டும் என்பதைப் பெரும்பாலும் எம்மிடமே விட்டுவிடுகிறது. 1978 இல் அந்தப் பொறுப்பு என்னிடம் இருந்தது.

நான்காவது கதவைப் பூட்டும்போது ஆணிகளை எடுத்துக்கொடுத்தேன். புறப்படுவதற்கு அரைமணி நேரம் தாமதமாயிற்று. அதற்காக எவரையும் நான் விரட்டவில்லை.