பத்து வயதில் வந்த மகள்

பிள்ளையில்லாத வீட்டாருக்கு அறிவுரை கூற நம்மவரில் ஆட்கள் குறைவதில்லை. கோயிலின் பெயரைச் சொல்லுவோர் சிலர், மருத்துவரின் பெயரைச் சொல்லுவோர் சிலர், "எடுத்து வளர்த்தால் என்ன?" என்று கேட்போரும் சிலர். ஆனால் எடுத்து வளர்க்கச் சொல்லுவோரும் கைக்குழந்தையைத்தான் மனத்தில் வைத்துச் சொல்லுவர். அதுவும் ஆண் குழந்தை. கூடுமானால் சிவந்த நிறம். பத்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியைக் கடல் கடந்து அழைத்து வந்து மகளாக வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று நாம் கூறியபோது அவர்களுள் பலர் வாயடைத்துப் போயினர். வாய் திறந்தவர்களோ, "வளர்ந்த பிள்ளை ஒட்டாது" என்றனர். சந்தையில் மாடு பிடிப்பவன் பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பதுபோல, எந்த வயது வரையில் ஒட்டும், எந்த வயதுக்குமேல் ஒட்டாது என்று கணக்குக் கூறியவரும் உண்டு. நாம் தோட்ட ஆப்பீசில் செக்ரோல் எழுதிப் பிழைப்பவர். எத்தனையோ கணக்குகளைப் பார்த்திருக்கிறோம். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்ததென்பது மட்டும் நமக்கு விளங்கவில்லை.

பிள்ளை அந்நியமானவள் அல்லள். நம் இல்லாளின் மூத்த சகோதரியின் மகள். நம் பாட்டனார் பிறந்த துறையூர்ப் பக்கத்திலேயே நாம் பெண் கொண்டோம். ஆகவே இல்லாளின் உறவு முழுவதும் அங்கேதான். தகப்பனைப் பிள்ளை நான்கு வயதிலேயே இழந்தாள். தாயை 2021ஆம் ஆண்டின் கொள்ளைநோய் கொண்டுபோயிற்று. அப்போது மலேசியாவின் எல்லை அடைபட்டிருந்தது. 2022 ஏப்ரல் முதல் நாளன்றுதான் திறந்தது. உடன்பிறந்தவளின் முகத்தை நம் இல்லாள் கடைசியாகக் கண்டது கைபேசித் திரையில்தான். அத்திரையின் ஓரத்தில், பாட்டியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை நின்றது. அன்றிரவே நாங்கள் இருவரும் பேசி முடித்துவிட்டோம். பேச அதிகம் இருக்கவில்லை.

எளிதாக முடியாமற் போனது சட்டம். ஆயினும் சட்டத்தை நாம் குறைகூற வரவில்லை. பழைய இந்து முறையில் பெண்ணைத் தத்தெடுப்பதென்பதே பொதுவாக இல்லை. கொள்ளி வைக்கவும் பிண்டம் போடவும் ஒரு மகன் வேண்டும், அதற்கே தத்து. 1956ஆம் ஆண்டின் இந்தியச் சட்டந்தான் மகளையும் தத்தெடுக்கலாம் என்று கதவைத் திறந்தது. பெற்றோர் இருவரும் இறந்திருந்தால் காப்பாளர், நீதிமன்றத்தின் முன் அனுமதி பெற்றே பிள்ளையைக் கொடுக்கலாம் என்பது விதி. நீதிபதி பிள்ளையின் நலத்தைப் பார்க்கவேண்டும். அதன் வயதுக்கும் அறிவுக்கும் ஏற்ப அதன் விருப்பத்தையும் கேட்கவேண்டும். கொடுப்பவரும் எடுப்பவரும் பணம் கைமாற்றிக்கொள்ளவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளவேண்டும். எழுபது வயதைக் கடந்த அந்தப் பாட்டி நீதிமன்றப் படியேறி, "என் காலத்துக்குப் பிறகு இவளுக்கு யார்?" என்று கேட்டாராம். தத்துப் பத்திரம், தில்லியிலுள்ள நடுவண் தத்தெடுப்பு ஆணையத்தின் இசைவுக் கடிதம், கடவுச்சீட்டு, விசா என ஒன்றன்பின் ஒன்றாய்க் காகிதங்கள் சேர இரண்டாண்டு சென்றது. 2023 நவம்பரில் பிள்ளை நம் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள்.

"உறவுப் பிள்ளைக்கு எதற்கு இத்தனை காகிதம்? பேசாமல் வைத்து வளர்க்கலாமே" என்று கேட்ட நண்பர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பேசாமல் வைத்து வளர்த்த நாடுதான் இது. சயாம் இரயில் பாதைக்கு 1942, 1943ஆம் ஆண்டுகளில் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தமிழரில் திரும்பாதவர் எத்தனையோ பேர். அவர்தம் பிள்ளைகளுக்கு அடுத்த வீட்டாரே அடுப்பிலிருந்து சோறு போட்டனர். போருக்கு முன்னும் பின்னும், வறுமையினால் பெண்மகவைக் கைவிட நேர்ந்த சீனக் குடும்பங்களிடமிருந்து குழந்தைகளை வாங்கி, பூவைத்துப் பொட்டிட்டுத் தமிழ்ப் பெண்களாகவே வளர்த்த நம் குடும்பங்களும் பல. அந்தப் பெண்கள் பாட்டிகளாகிப் பேரப்பிள்ளைகளைத் தமிழில் அதட்டுவதை நாம் கண்டிருக்கிறோம். ஒட்டாது என்பவர்கள் அந்த வீடுகளுக்குப் போய்ப் பார்க்கலாம். அது நம் சமூகத்தின் பெருமை, ஐயமில்லை. ஆனால் பதிவு செய்யாமல் எடுத்து வளர்த்ததன் விளைவாக, பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் இல்லாமல் நாடற்றவராய் நின்றவரும் நம்மவரில் உண்டு. அன்பு வளர்க்கும், ஆனால் பள்ளியிலும் வங்கியிலும் கலியாணப் பதிவிலும் அன்பைக் காட்டினால் போதாது. 

இந்நாட்டிலே முஸ்லிம் அல்லாதாருக்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் 1952ஆம் ஆண்டுச் சட்டங்கள். ஒன்றன்படி, இரண்டாண்டு வைத்து வளர்த்த பின் பதிவுத்துறையில் பதிந்துகொள்ளலாம். ஆனால் வாரிசுரிமை அதனால் வாராது. மற்றொன்றின்படி நீதிமன்றம் ஆணை தரவேண்டும். தந்துவிட்டால் பெற்ற பிள்ளைக்குள்ள உரிமை முழுவதும் உண்டு. பின்னதையே நாம் பற்றினோம். குறைந்தது மூன்று மாதம் பிள்ளை இடைவிடாமல் நம் பொறுப்பில் இருந்திருக்கவேண்டும். நலத்துறை அதிகாரி ஒருவர் வந்து சமையலறை முதல் படுக்கையறை வரை பார்த்தார். பிள்ளையைத் தனியே உட்கார வைத்தும் பேசினார். என்ன பேசினார் என்று நாம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. 2024இல் ஆணை பிறந்தது.

இனி வீட்டுக்குள் வருவோம். முதல் மாதத்தில் அவளைப்போல் நல்ல பிள்ளை இந்தத் தோட்டத்திலேயே இல்லை என்று அக்கம்பக்கத்தார் மெச்சினர். சொன்ன சொல் தட்டமாட்டாள், சாப்பிட்ட தட்டோடு நம் தட்டையும் கழுவி வைப்பாள், குளிர்பெட்டியைத் திறக்குமுன் "எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்பாள். அவள் கொண்டுவந்த துணிப்பை, துணிகளை எடுத்துப் பரணில் வைக்காமல், கட்டிலருகே கட்டியபடியே இருந்தது. மெச்சியவர்களுக்கு அது பணிவாகத் தெரிந்தது. எங்களுக்கு அச்சமாகத் தெரிந்தது. விருந்தாளி அன்றோ கேட்டு எடுப்பாள்? மகள் கேட்பாளா?

நேரமும் அவளுக்குப் பிடிபடவில்லை. இங்கே காலை ஐந்தரை மணிக்குப் பெரட்டுக்கு நாம் புறப்படும்போது அவள் ஊரில் மணி மூன்று. தாயின் பழைய கைக்கடிகாரம் ஒன்று அவளிடம் இருந்தது. அதை இரண்டரை மணி முன்னே தள்ளி வைக்க அவள் விடவில்லை. ஊர் நேரத்திலேயே ஓடட்டும் என்று நாமும் விட்டுவிட்டோம். சுவரில் இந்நாட்டு மணி, அவள் கையில் அந்நாட்டு மணி. இரண்டையும் பார்த்து, "பாட்டி இப்பத்தான் அடுப்பு மூட்டும்" என்பாள். 

மொழி ஒன்றே, சிக்கல் இராது என்று எண்ணியிருந்தோம். அதிலும் வேடிக்கை உண்டு. "பசியாறியாச்சா?" என்று பக்கத்து வீட்டம்மாள் கேட்க, தன்னை யாரோ பட்டினி போட்டதாக எண்ணிவிட்டார்கள் போலும் என்று அவள் கலங்கினாள். சப்பாத்து என்றால் விழித்தாள். வெள்ளி என்றால் நகையென்று நினைத்தாள். பிளாச்சான் வாடைக்கு மூக்கைப் பொத்தியவள், ஆறே மாதத்தில் அது இல்லாமல் கங்கோங் கீரை இறங்காது என்றாள். நாமோ ஆங்கில வழியில் படித்து, தமிழைப் பத்திரிகை பார்த்துக் கற்றவர். ஒற்று மிகும் இடமும் மிகா இடமும் நம்மைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் திணறியது மலாயில். 2024 மார்ச்சில் பள்ளி ஆண்டு தொடங்கியபோது தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் சேர்ந்தாள். உரோமன் எழுத்தைக் கண்டதும் ஆங்கிலம் போலவே வாசித்தாள். சாவான் என்னும் கோப்பை அவள் வாயில் கவானாயிற்று. வகுப்பு சிரித்ததாம். அன்றிரவு முதல் ஒரு மணி நேரம் மேசையில் நாமும் அவளும் மலாய்ப் பாடம் வாசித்தோம். தோட்டத்தில் வேலை செய்யும் இந்தோனேசியப் பெண் ஒருவர், தம் பிள்ளைகளைப் பல ஆண்டுகளாய்க் கண்ணால் காணாதவர், மாலைகளில் இவளுடன் உட்கார்ந்து பேசுவார். பாதி மலாய் அவரிடம் கற்றதுதான்.

ஏழாம் மாதத்தில் ஒருநாள், கைபேசியை வைத்துவிட்டுப் படுக்கச் சொன்னதற்கு, "நீங்க ஒண்ணும் என் அம்மா இல்லை!" என்று பிள்ளை கத்திவிட்டாள். கதவு அறைந்து மூடிற்று. இல்லாள் சற்று நேரம் நின்று, கதவுக்கு வெளியே இருந்தே சொன்னாள்: "இல்லைதான். உங்கம்மாவோட தங்கச்சி நான். உங்கம்மா என்னை இடுப்புல தூக்கி வளர்த்தா. அந்தக் கடன் எனக்கு இருக்கு. இப்பப் படு." மறுநாள் காலை யாரையும் கேளாமல் குளிர்பெட்டியைத் திறந்து பாலை எடுத்துக் குடித்துவிட்டு, காலிப் பெட்டியை அங்கேயே வைத்துப் போயிருந்தாள். இல்லாள் அதை எடுத்துக் காட்டிச் சிரித்தாள். கட்டிலருகே இருந்த துணிப்பை அவிழ்க்கப்பட்டது அதற்குச் சில நாள் கழித்துத்தான்.

அவள் எங்களை என்னவென்று அழைப்பது என்பது உறவினருக்குப் பெரிய கவலையாய் இருந்தது. "இப்போதே அம்மா, அப்பா என்று பழக்கிவிடுங்கள், பின்னால் வராது" என்றனர். நாங்கள் பழக்கவில்லை. ஊர் வழக்கப்படி சித்தி என்று வந்தாள். அச்சொல்லுக்கு மாற்றாந்தாய் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருப்பதால் இல்லாளுக்கு அது சற்றே உறுத்தியது. இங்குள்ள பிள்ளைகள் தாயின் தங்கையைச் சின்னம்மா என்பதைக் கேட்டு அவளே அதற்கு மாறிக்கொண்டாள். நாம் இன்னும் சித்தப்பாதான். பள்ளியிலே பிறரிடம் சொல்லும்போது மட்டும் "எங்கப்பா ஆப்பீஸ் கிராணி" என்கிறாளாம். தண்டலின் மகன் வந்து சொன்னான். நாம் கேள்விப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அதைவிடக் கடினமாய் இருந்தது தலையெழுத்து, அதாவது பெயரின் முன்னெழுத்து. தகப்பன் பெயரின் முதலெழுத்தை நோட்டுப் புத்தகந்தோறும் எழுதிப் பழகிய கை அது. இந்நாட்டு வழக்கப்படி பெயருக்குப் பின் மகள் என்ற குறியிட்டுத் தகப்பன் பெயரை எழுதவேண்டும். ஆணைப்படி அங்கே வருவது நம் பெயர். "அப்ப எங்கப்பா பேரை அழிச்சிடுவாங்களா?" என்று கேட்டாள். அவள் பெயரோடேயே அந்த எழுத்தும் சேர்ந்து நிற்கும்படி விண்ணப்பத்தில் எழுதினோம். வழக்கறிஞர் முதலில் தேவையில்லை என்றார்; நாம் விடவில்லை. கொள்ளிக்கு ஆண்பிள்ளை எடுத்திருக்கலாமே என்று இன்றும் கேட்பவர் உண்டு. செத்த பின் யார் நெருப்பு வைத்தால் என்ன? அந்தக் கேள்விக்கு நாம் விடை சொல்லுவதை நிறுத்திவிட்டோம்.

தத்தாணை கிடைத்தால் குடியுரிமையும் உடன் வந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். வராது. குறித்த வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தனிச் சூழ்நிலையில் குடிமகனாகப் பதிய அரசியலமைப்பின் 15ஏ பிரிவு அரசாங்கத்துக்கு அதிகாரம் தருகிறது. அதன்கீழ் விண்ணப்பித்துக் காத்திருக்கவேண்டும். நாம் விண்ணப்பித்துவிட்டோம், இதை எழுதும் நாள்வரை முடிவு வரவில்லை. இந்நாட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுப்பர். 2025இல் அவள் வகுப்புத் தோழிகள் ஒவ்வொருவராய்ப் பதிவுத்துறைக்குப் போய் வந்து, கார்டிலுள்ள தம் படம் நன்றாயில்லை என்று ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருந்த நாட்களில், இவள் வீட்டுக்கு வந்து காகிதங்கள் வைத்திருக்கும் கோப்பைக் கேட்டாள். கொடுத்தோம். துறையூர்ப் பிறப்புப் பத்திரம் முதல் ஆணை வரை ஆண்டுவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் எண் போட்டு வைத்துவிட்டாள். நம் ஆப்பீசுக் கோப்புகள்கூட அவ்வளவு ஒழுங்காய் இல்லை.

தங்குவதற்கான விசாவை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். அடுத்த தவணைக்குப் பட்டணத்துக்குப் போய்ப் படம் எடுக்கவேண்டியிருக்கிறது. இம்முறை தலையை இழுத்து வாராமல் விடும்படி சின்னம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாள்.