புயலுக்குப் பின் முட்டை

31 டிசம்பர் 2011

வீட்டுக் கோழி திடீரென்று முட்டையை நிறுத்தினால் முதலில் பார்க்க வேண்டியது அது எதற்காவது மிரண்டதா என்பதை. நேற்று விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடக்கின்றன. கோழிகள் இரவில் அடையும் கூண்டை ஒட்டிய மரமும் அவற்றில் ஒன்று. இன்று காலை கூண்டடியில் கிடைத்தது ஓடில்லாத தோல்முட்டை. ஒரு முட்டைக்கு ஓடு கட்டி முடிக்க ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். அதற்குள் கோழி மிரண்டால் முட்டை முன்னதாகவே வெளியே வந்துவிடக்கூடும்.

மஞ்சள் கரு வேகமாகப் பருத்து முற்ற 7 முதல் 10 நாள் பிடிக்கும். அதிர்ச்சியோடு பட்டினியும் சேர்ந்துகொண்டால் பாதி வளர்ந்த கருக்களைக் கோழியின் உடல் தானே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஒரே இரவில் பட்ட பயம், முட்டையை வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கும்.

3 ஜனவரி 2012

மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாததால் தண்ணீருக்குக் குடங்களோடு வரிசை. மனிதருக்கே அளந்து ஊற்றும் நாளில் கோழியின் சட்டி காய்ந்துபோவது இயல்பு. ஆனால் ஓட்டுக்குள் இருப்பதில் முக்கால் பங்கு தண்ணீர்தான். ஒரு பகல் முழுக்கத் தாகத்தோடு விட்டால்கூட முட்டை குறைந்துவிடும்.

6 ஜனவரி

முட்டை இல்லை.

9 ஜனவரி

நின்றுபோன பெட்டைகளை அறுத்துவிடலாம் என்று தெருவில் பேச்சு. தோட்டமே போன வீடுகளில் இந்தப் பேச்சு எழுவதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அறுக்கும் முன் பார்க்க வேண்டியவை உண்டு. முட்டையிடும் பெட்டையின் கொண்டை சிவந்து, தொட்டால் மெத்தென்றிருக்கும். நின்ற பெட்டையின் கொண்டை சுருங்கி வெளிறும். வாலுக்கடியில் கை வைத்தால் இடுப்பெலும்புகள் இரண்டும் கூராகத் தட்டுப்படும். அவற்றின் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைந்தால் கோழி முட்டையிடுகிறது. ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் இல்லை.

சோதித்ததில் சாம்பல் பெட்டைக்கு மூன்று விரல் நுழைந்தது. அப்படியானால் முட்டை வேறெங்கோ போகிறது. கூண்டு சிதைந்தால் கோழி ஒதுக்குப்புறம் தேடும். சாய்ந்த முந்திரியின் கிளைகளுக்கு அடியில் சருகைக் குழிபறித்து அது முட்டை வைத்திருந்தது. பாதியைக் கீரியோ காகமோ குடித்துவிட்டது. நின்றுவிட்டதாக நினைக்கும் கோழிகளில் சில இப்படி மறைவில் வைப்பவைதான். காலையில் கொக்கரிப்பு எந்தப் பக்கம் கேட்கிறது என்று கவனித்தாலே இடம் தெரிந்துவிடும்.

15 ஜனவரி

பொங்கல். சாம்பல் பெட்டை மட்டும் வைக்கிறது.

18 ஜனவரி

தீனி. புயலுக்கு முன் கோழிகள் தோப்புச் சருகைக் கிளறிப் பூச்சியும் புழுவும் தின்றன. இப்போது கிடைப்பது அரிசியும் சோறும். வயிறு நிறைகிறது, முட்டைக்கு வேண்டியது சேரவில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. ஓட்டில் மட்டும் 2 கிராம் கால்சியம். அரிசியில் முன்னது குறைவு, பின்னது இல்லை என்றே சொல்லலாம். கால்சியம் போதாதபோது கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் ஓடு மெலியும், பிறகு முட்டையே நிற்கும். கடலைப் பிண்ணாக்கு, உலர்ந்த கருவாட்டுத் தூள், கிளிஞ்சல் தூள், முருங்கைக் கீரை இவற்றில் எது கிடைத்தாலும் சோற்றோடு சேர்ப்பது நல்லது. பூசணம் பிடித்த பிண்ணாக்கு மட்டும் ஆகாது.

26 ஜனவரி

இரவில் தெரு முழுக்க இருட்டு. அனல் மின் நிலையங்களுக்கு இத்தனை அருகில் இப்படி இருட்டாக இருப்பதை மனம் ஏற்கவில்லை.

கோழியின் சினைப்பையை இயக்குவது பகலின் நீளம். வெளிச்சம் கண் வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டின் மெல்லிய எலும்பை ஊடுருவியும் மூளையைச் சேர்கிறது. அதனால்தான் குருட்டுக் கோழியும் பகல் நீள்வதை அறிகிறது. மார்கழியில் நெய்வேலிப் பகுதியின் பகல் சுமார் 11 மணி 30 நிமிடம். ஆனியில் 12 மணி 45 நிமிடம். ஒன்றேகால் மணி நேர வேறுபாடு நாட்டுக்கோழிக்குப் பெரிதல்ல. அதிகம் முட்டையிடும் இனங்களுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். நாமக்கல் பண்ணைகளில் இருட்டிலும் விளக்கு எரிவது அதற்காகவே.

இந்தக் கூண்டின் மேல் புயல் வரைக்கும் தெருவிளக்கின் வெளிச்சம் இரவெல்லாம் விழுந்தது. கம்பம் சாய்ந்த இரவில் அந்த நீண்ட பகல் ஒரேயடியாகக் குறுகிவிட்டது. இதை யாரும் காரணமாக எண்ணவில்லை. பயமும் பசியும் மட்டுமே போதுமான காரணங்கள் என்றாலும் விளக்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

7 பிப்ரவரி

தைப்பூசம். வடலூருக்குச் சோதி பார்க்கப் போகும் கூட்டம். கூண்டெல்லாம் இறகு.

8 பிப்ரவரி

இறகு உதிர்வது நோயல்ல. வழக்கமாக ஆண்டுக்கு ஒரு முறை பழைய இறகைக் கழித்துப் புதிது முளைக்கும். பட்டினி, அதிர்ச்சி, வெளிச்சக் குறைவு ஆகியவை அதை முன்னதாகவே தொடங்கி வைக்கும். இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது. இருக்கும் புரதம் அதற்கே போய்விடுவதால் இரண்டு மூன்று மாதம் முட்டை வராது. இந்த நேரத்தில் கோழியைக் கழிப்பவர், அடுத்த சுற்று முட்டையையும் சேர்த்துக் கழிக்கிறார். தீனியைக் கூட்டிப் பொறுத்திருப்பதே முறை.

4 மார்ச்

சாய்ந்த மரங்களில் கரையான் ஏறிவிட்டது. பட்டையைப் பெயர்த்தால் கோழிகள் முண்டியடித்துக்கொண்டு வருகின்றன. செவலைப் பெட்டையின் கொண்டையில் நிறம் திரும்பியிருக்கிறது.

13 மார்ச்

செவலை முட்டை வைத்தது!

29 மார்ச்

சாம்பல் பெட்டை அடைக்கு உட்கார்ந்துவிட்டது. நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை வைத்ததும் அடைகாக்க விரும்பும். 21 நாள் அடை, பிறகு குஞ்சுகளோடு இரண்டு மாதத்துக்கு மேல். அதுவரை முட்டை இல்லை. அடையைத் தெளிவிக்கத் தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகு செருகுவதும் பழைய வழக்கம். அந்தக் கொடுமை தேவையே இல்லை. காற்றோட்டமான, அடியில் கம்பிவலை போட்ட கூண்டில் தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விட்டால் தெளிந்துவிடும்.

7 ஏப்ரல்

நிழல் தந்த மரங்கள் இல்லாத முதல் கோடை. வாயைத் திறந்து இரைக்கும் கோழி தீனியைக் குறைக்கும், ஓடு மெலியும். தென்னங்கீற்றுப் பந்தல் போட்டாயிற்று. வெயில் காலத்தில் வெள்ளைக்கழிச்சலும் வரும். அதில் பிழைத்த கோழியும் நெடுநாள் முட்டையிடாது. கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போடுவதுதான் ஒரே காப்பு. நோய் வந்த பின் மருந்து இல்லை. பேனும் குடற்புழுவும் இருக்கின்றனவா என்பதையும் கூடவே பார்க்க வேண்டும்.

22 ஏப்ரல்

முட்டையிடாமல் மிச்சம் இரண்டு. கிழட்டுக் கருப்பி இனி ஓரிரு முட்டை வைத்தாலே அதிகம். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின் எந்தப் பெட்டைக்கும் எண்ணிக்கை இறங்கும். அதற்கு வைத்தியம் இல்லை.

மற்றது ஆடியில் பொரித்த விடைக்கோழி. ஆறு ஏழு மாதத்தில், அதாவது தை மாசியில், அது தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் பகல் குறுகும் பருவத்தில் வளரும் குஞ்சு தாமதமாகத்தான் தொடங்கும். போதிய எடை ஏறாமலும் தொடங்காது. எடை ஏற வேண்டிய மாதத்தில்தான் புயல் வந்தது. அசில் இனக் கலப்பு இருந்தால் இன்னும் பிந்தும். இடுப்பெலும்புக்கு நடுவே இன்னும் ஒரு விரல்தான் நுழைகிறது.