கத்திக்கும் கை அளவு உண்டு!

சரவணம்பட்டி என்றதும் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள்தான் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் சத்தி ரோட்டு நெரிசலை விட்டு ஒரு சந்துக்குள் திரும்பினால், ‘டங், டங்’ என்று சம்மட்டிச் சத்தம் கேட்கும். எங்கள் பக்கத்துக் கொல்லன் பட்டறை அது.

அரிவாள், களைக்கொத்து மட்டுமல்ல. கேட்டால் ஆளுக்கேற்ற கத்தியும் அடித்துத் தருவார் பெரியவர். என் மகளுக்கு இடக்கைப் பழக்கம். காய் நறுக்க உட்கார்ந்தால் விரலில் ஒரு காயம் நிச்சயம். “சோத்தாங்கையில பிடி!” என்று மாமியார் அதட்டுவார். பெண்ணோ சமையலறைப் பக்கம் வரவே பயந்தாள்.

பெரியவர் எங்கள் பழைய கத்தியைத் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க அம்மிணி, தப்பு பாப்பா கையில இல்லீங்க. இது ஒரு பக்கம் மட்டும் சாய்ச்சுத் தீட்டுனது. வலக்கைக்குத்தான் ஆகும். நான் மறுபக்கம் சாய்வு வெச்சுத் தர்றனுங்க.”

அவள் உள்ளங்கையை நூலால் அளந்துகொண்டார். லாரியின் பழைய வில்பட்டையில் ஒரு துண்டை வெட்டி, செக்கச்செவேலெனக் காய்ச்சி அடித்தார். பிறகு மறுபடி காய்ச்சி எண்ணெயில் தோய்த்தார். தோய்த்த எஃகு கெட்டிப்படும். ஆனால் கண்ணாடி மாதிரி உடையவும் செய்யும். அதனால் வைக்கோல் நிறம் வரும்வரை இளஞ்சூடு காட்டி, அந்த முறுக்கைக் கொஞ்சம் தணித்தார். கட்டாரி, குத்துவாள் செய்த காலத்திலும் சூட்சுமம் இதுதானாம்: கூர் மழுங்கக் கூடாது, உடம்பு முறியக் கூடாது.

இந்தக் கலைக்கு நம் கொங்கு மண்தான் தாய்வீடு என்று கேள்விப்பட்டதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுமணல் கிளம்பினோம். ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் கரையில் இருக்கிறது. கோவையைத் தொட்டு ஓடும் அதே நொய்யல்தான்! 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வுகளில், இரும்பு உருக்கிய உலைகளும் கசடும் இங்கே கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவை.

தென்னாட்டில் உருக்கு செய்த முறையை 19-ஆம் நூற்றாண்டில் நேரில் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மண் குகையில் இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் வைத்து, வாயை மூடி, மணிக்கணக்கில் ஊதுவார்களாம். குச்சியின் கரி இரும்பில் ஏறி உருக்காகும். மேலை நாட்டார் மெச்சிய டமாஸ்கஸ் வாளுக்கும் நம் நாட்டு உருக்குப் போயிருக்கிறது. வேலியோரத்து ஆவாரைக்கு இத்தனை பெருமையா!

மகள் இப்போது வெண்டைக்காயை ஒரே சீராக நறுக்குகிறாள். “எங்கே, அந்தக் கத்தியைக் காட்டு” என்று மாமியாரே கேட்டு வாங்கிப் பார்த்தார்.

நீங்கள் கத்தி வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

பளபளப்பைப் பார்க்காதீர்கள், பிடித்துப் பாருங்கள். பிடி உள்ளங்கையை நிறைக்க வேண்டும்.

அலகின் வால் கைப்பிடிக்குள் நீளமாகப் போயிருந்தால் ஆடாது.

பட்டறைக் கத்தி எளிதில் கூர் ஏறும், துருவும் பிடிக்கும். எலுமிச்சை, புளி பட்டால் உடனே கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். துருத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு எவர்சில்வர் கத்தியே சௌகரியம்.

வீட்டில் இடக்கைக் குழந்தை இருந்தால், கையை மாற்றச் சொல்லாதீர்கள். கத்தியை மாற்றுங்கள்!