கிணற்றடி மரத்துப் பழம்

போன ஆனியில் அடிலெய்டிலிருந்து வந்த என் தங்கை மகன் ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலைக் கொண்டுவந்தான். பாரோசா பள்ளத்தாக்கின் பழைய கொடிகளில் விளைந்த திராட்சையாம். "ஒரே ஒரு மடக்கு, மாமா. உடனே விழுங்கிடாதீங்க" என்றான். முதலில் நிறம் பார்க்க வேண்டும், பிறகு மோந்து பார்க்க வேண்டும், வாய்க்குப் போவது கடைசியில்தான். நாவல்பழத் துவர்ப்பு நாக்கைப் பிடித்தது. விழுங்கிய பிறகும் அதன் வாசனை தொண்டையை விட்டுப் போகவில்லை.

அங்கே 2009இல் கொடிகளை வயதுவாரியாக வகுத்தார்களாம். 35 வயதானால் பழைய கொடி; 100 ஆனால் நூற்றாண்டுக் கொடி; 125 ஆனால் மூதாதைக் கொடி. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்த வேர்ப்பூச்சி அந்தப் பள்ளத்தாக்கை எட்டவில்லை. அதனால் 1840களில் நட்ட கொடிகளும் இன்னும் காய்க்கின்றன. வயதான கொடி கொஞ்சமாகத்தான் காய்க்கும். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் சாரம் கூடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

"வா, நம்ம மூதாதையைக் காட்டுறேன்" என்று அவனைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். சித்தூரைச் சுற்றி எங்கும் தோத்தாபுரிதான். கிளிமூக்கு மாங்காய் என்றால் எல்லோருக்கும் தெரியும். கூழ் ஆலைக்கு அதுதான் தோது. எங்கள் தோட்டத்திலும் அதுவே அதிகம். கிணற்றடியில் மட்டும் தாத்தா கொட்டை போட்டு முளைத்த நாட்டு மரம் ஒன்று நிற்கிறது. இரண்டு பேர் கைகோத்தால்தான் அடிமரத்தைக் கட்ட முடியும். ஒரு வருஷம் காய்த்தால் மறுவருஷம் ஓய்வெடுத்துக்கொள்ளும்.

வைக்கோலில் பழுத்த ஒன்றை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, மெத்தென்றானதும் காம்பைக் கிள்ளி, முதலில் வந்த நாலு சொட்டைப் பிதுக்கிக் கீழே விட்டேன். பால் பட்டால் உதடு வெந்துவிடும். அப்புறம் உறிஞ்சினோம். முதலில் தேன் போல இனிப்பு, பின்னாலேயே ஒரு புளிப்பு. கொட்டையை நெருங்க நெருங்க, நாரோடு ஒட்டிய சதையில் பிசின் வாசனை. கொட்டை வெளுக்கும்வரை அவன் பேசவே இல்லை.

இந்தப் பழம் தாமலச்செருவு மாம்பழ மண்டிக்குப் போகாது. நார் அதிகம், தோல் மெல்லிசு, இரண்டு நாள் தாங்காது. அதனாலேயே பல தோட்டங்களில் இப்படிப்பட்ட மரங்கள் விறகாகிவிட்டன. ஒரே ரகத்தை நம்பியதன் விலையை 2025இல் பார்த்தோம். தோத்தாபுரி விலை சரிந்து, அரசு கிலோவுக்கு 4 ரூபாய் கூட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

நாட்டு மாவின் கொட்டையை நட்டால் அதே ருசி வரும் என்ற உறுதி கிடையாது. தாய்மரத்துக் குச்சியை ஒட்டுக் கட்டினால்தான் அது அப்படியே வரும். எங்கள் மரத்திலிருந்து எட்டுக் குச்சி எடுத்துக் கட்டினேன், ஐந்து பிடித்திருக்கின்றன. உங்கள் கொல்லையிலும் தாத்தா காலத்து மாமரம் இருந்தால், கோடாலி எடுக்குமுன் அதன் பழத்தை ஒருமுறை நிதானமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றாலும், அதற்குமுன் நாலு குச்சி எடுத்து ஒட்டுக் கட்டிவிடுங்கள்.