கப்பலில் வந்த அண்ணன்

அண்ணன் இங்கிலாந்துக்குப் போய் 43 வருடம் ஆகிறது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியே முப்பது வருடம் இருக்கும். நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஆகவே காகிதத்தில் அவர் வெளிநாட்டுக்காரர். தெரிந்த விஷயம்தான். ஆனால் போன வருடம் அவர் கப்பலில் சென்னைக்கு வந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

அவரும் அண்ணியும் துபாயில் ஏறி, மும்பை, கோவா, கொச்சி பார்த்துவிட்டு, கொழும்பு போய், அங்கிருந்து சென்னை வருவதாக ஏற்பாடு. சென்னையில் கப்பல் காலை ஏழு மணிக்கு வந்து மாலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். அம்மாவுக்கு 91 வயது. பார்வை மங்கிவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு அண்ணன் ஊருக்கே வரவில்லை. முதலில் ஊரடங்கு, அப்புறம் அண்ணிக்கு முட்டி ஆபரேஷன் என்று தள்ளிக்கொண்டே போனது. அந்தப் பத்து மணி நேரத்துக்காக அம்மா ஒரு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

கப்பலில் வருகிறவர்கள் ஒரு நாள் இறங்கிச் சுற்றிப் பார்க்க விசா வேண்டாம் என்று சில நாடுகளில் உண்டு. இந்தியாவும் அப்படித்தான் என்று அண்ணன் நினைத்துவிட்டார். விசா இல்லாதவர்களைக் கப்பலில் ஏற்ற மாட்டோம் என்று கப்பல் கம்பெனி எப்போதோ அனுப்பிய கடிதத்தை அவர் படித்தபோது, புறப்பட மூன்று வாரம்தான் இருந்தது.

"இ-விசா போதும்னு போட்டிருக்கான். நீ கம்ப்யூட்டர் பக்கத்துல இரு, சேர்ந்தே பூர்த்தி பண்ணிடலாம்" என்று போன் செய்தார். நான் 35 வருடம் அரசு அலுவலகத்தில் படிவங்களோடு மல்லுக்கட்டியவன் என்பதால் அந்த நம்பிக்கை.

இ-விசாவில் எல்லாத் துறைமுகத்திலும் இறங்க முடியாது. மும்பை, கோவா, மங்களூர், கொச்சி, சென்னை எல்லாம் அனுமதி உள்ளவை. சுற்றுலா விசாவில் முப்பது நாள், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று மூன்று வகை. முப்பது நாள் விசாவில் இரண்டு முறைதான் உள்ளே வரலாம். மும்பையில் இறங்குவது ஒன்று. கொழும்பு போய்விட்டால் இந்தியாவை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. ஆகவே சென்னை இரண்டாவது. சரியாக இருந்தது. நடுவில் இன்னொரு வெளிநாட்டுத் துறைமுகம் போய்த் திரும்புவதாக இருந்திருந்தால் ஒரு வருட விசாதான் எடுக்க வேண்டும்.

படிவத்தில் வரிசையாகக் கேள்விகள். பிறந்த ஊர். அப்பா, அம்மா பெயர். முன்பு எந்த நாட்டுக் குடிமகன்? பிறகு, இந்தியாவில் உங்களைத் தெரிந்த ஒருவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண். அந்த இடத்தில் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"உன் பேரைப் போட்டுடறேன்டா" என்றார்.

இரண்டு நாளில் அனுமதி வந்துவிட்டது. நிம்மதியாக இருந்தோம். கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது, அதை அச்செடுத்த அண்ணிதான் கண்டுபிடித்தார். பெயர் மாறியிருந்தது. நமக்கு அப்பா பெயர் இனிஷியல். அவருடைய பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் அதுதான் குடும்பப் பெயர். படிவத்தில் முதலில் வருவது குடும்பப் பெயருக்கான கட்டம். பழக்க தோஷத்தில் தன் பெயரை அதில் அடித்து, அப்பா பெயரை அடுத்த கட்டத்தில் போட்டுவிட்டார். நானும் கவனிக்கவில்லை. பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் இல்லாவிட்டால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. திருத்தவும் வழியில்லை. மறுபடி பணம் கட்டிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டிய பணம் திரும்ப வராது. இந்தியாவுக்கு வரும் தேதிக்குக் குறைந்தது நான்கு நாள் முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும் என்பதால், அன்றைக்கே அனுப்பினோம்.

அடுத்த மூன்று நாள் நான் சரியாகத் தூங்கவில்லை. அம்மாவிடம் சொல்லவும் மனம் வரவில்லை. அவர் பாட்டுக்கு, "அவனுக்கு வத்தக்குழம்பு பிடிக்கும், மணத்தக்காளி வாங்கி வை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் இரவுதான் அனுமதி வந்தது.

அன்றைக்கு ராஜாஜி சாலையில் துறைமுகத்துக்கு வெளியே காத்திருந்தேன். உள்ளே போக எனக்கு அனுமதி கிடையாது. ஒன்பதரை மணிக்கு அண்ணனும் அண்ணியும் நடந்து வந்தார்கள். பாஸ்போர்ட்டையும் விசாத் தாளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிடித்த பிடி விடாமல் வைத்திருந்தார். மும்பையிலேயே கைரேகையும் புகைப்படமும் எடுத்துவிட்டார்களாம்.

வீட்டில் அம்மா அவர் முகத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஏழு மணிக்கே கப்பல் வந்துடும்னாங்க. ஏன்டா இவ்வளவு நேரம்?"

"விசா பார்த்து முத்திரை போட்டாத்தான் வெளியில விடுவாங்கம்மா."

"இங்க வர்றதுக்கா?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. அம்மாவும் மேலே கேட்கவில்லை. "கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றார். மூன்று மணிக்கு நான் காரை எடுக்கும்வரை அவர் கையை அம்மா விடவே இல்லை.

நம்மில் பலருக்குப் பிள்ளைகளோ உடன்பிறந்தவர்களோ வெளிநாட்டுக் குடியுரிமையோடு இருக்கிறார்கள். அவர்கள் கப்பலில் வருவதாகச் சொன்னால் நான்கு விஷயம் சொல்லி வையுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். எத்தனை முறை உள்ளே வருகிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். அரசு இணையதளத்தின் முகவரி gov.in என்று முடியும். அதே மாதிரித் தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் உண்டு.

அண்ணன் இப்போது ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறார். அது வந்துவிட்டால் ஆயுள் முழுக்க விசாவே வேண்டாம். இத்தனை வருடத்தில் அவருக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை. அம்மா கேட்ட அந்த ஒரு கேள்விக்குப் பிறகு கிடைத்துவிட்டது.